அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்தால் என்ன நடக்கும்?

அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்ற வேட்பாளர், அதிலும் பதவியில் இருக்கும் அதிபரே தோற்று, "நான் தோற்கவில்லை" என்று கடைசிவரை சாதித்தால் வென்றவரால் பதவியேற்க முடியுமா என்றும், அவர் வெள்ளை மாளிகையைக் காலி செய்ய மறுத்தால் ராணுவம் வந்து வெளியேற்றுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் அடியில் ஒரே ஐயம்தான் இருக்கிறது: ஒருவருடைய வெற்றி செல்லுபடியாவதற்குத் தோற்றவரின் சம்மதம் தேவையா? அதற்குச் சுருக்கமான பதில், தேவையில்லை என்பதே. ஆனால் அந்தச் சுருக்கமான பதிலோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்குத் தவறான நிம்மதியைக் கொடுத்தவன் ஆவேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சட்டக் கல்லூரியில் ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டத்தை 20 ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவன். அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்காடியவன் அல்லன். அந்த நாட்டுச் சட்டங்களையும் தீர்ப்புகளையும் பாடமாக எடுப்பதற்காகத் திரும்பத் திரும்பப் படித்தவன் என்ற அளவில்தான் பேசுகிறேன். தேர்தல் நிர்வாகத்தின் அன்றாட நடைமுறை அங்கே மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம்கூட வேறுபடும். ஆகவே கீழே நான் சொல்வது பொதுவான கட்டமைப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது மாணவர்களிடம் அமெரிக்க அரசமைப்பின் மூலப் பிரதியைக் கொடுத்து, தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எந்த உறுப்பு சொல்கிறது என்று தேடச் சொல்வேன். சிறிய ஆவணம்தான், திருத்தங்களையும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். மாணவர்கள் தேடித் தேடி, ஏதோ ஒரு பக்கத்தைத் தவறவிட்டுவிட்டோமோ என்ற முகத்தோடு நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு சொல்லே அதில் இல்லை. 1896-இல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், தன்னைத் தோற்கடித்த வில்லியம் மெக்கின்லிக்கு வாழ்த்துத் தந்தி ஒன்று அனுப்பினார். தோற்றவர் வென்றவருக்குப் பகிரங்கமாக வாழ்த்துச் சொல்லும் வழக்கம் அந்தத் தந்தியிலிருந்துதான் தொடங்கியதாகக் கருதப்படுகிறது. தந்தி பின்னாளில் தொலைபேசி அழைப்பாகவும் தொலைக்காட்சி உரையாகவும் மாறியது. அது அழகான வழக்கம், நாட்டுக்கு மிகத் தேவையான வழக்கமும்கூட. ஆனால் சட்டத்தின் கண்ணில் அதற்கு எந்த எடையும் கிடையாது. 2000 நவம்பர் 8 அதிகாலையில் அல் கோர், ஜார்ஜ் புஷ்ஷைத் தொலைபேசியில் அழைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். புளோரிடாவில் வித்தியாசம் மிகவும் குறுகிவிட்டது என்று தெரிந்ததும் மறுபடி அழைத்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒப்புக்கொண்டதற்குச் சட்ட விளைவு இல்லாததால்தான் திரும்பப் பெறவும் முடிந்தது. அதே காரணத்தால் மறுப்பதற்கும் சட்ட விளைவு இல்லை.

நம் ஊரில் தேர்தலில் தோற்ற முதல்வர் ஆளுநர் மாளிகைக்குப் போய் ராஜினாமா கடிதம் கொடுப்பதையும், மாற்று ஏற்பாடு வரும்வரை பொறுப்பில் தொடருங்கள் என்று ஆளுநர் சொல்வதையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பு. அமெரிக்காவில் அந்தக் கடிதமும் இல்லை, பொறுப்பு நீட்டிப்பும் இல்லை. 1933-இல் நடைமுறைக்கு வந்த 20-ஆவது திருத்தம், அதிபரின் பதவிக்காலம் ஜனவரி 20 நண்பகலில் முடிகிறது என்று நேராகச் சொல்லிவிடுகிறது. யாரும் யாரிடமும் எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை; கடிகாரமே அதைச் செய்துவிடுகிறது. 2021-இல் ஜோ பைடன் உறுதிமொழி எடுத்து முடித்தபோது மணி பன்னிரண்டு ஆகச் சில நிமிடங்கள் மீதமிருந்தன. அந்தச் சில நிமிடங்களுக்கு டொனால்ட் டிரம்ப்தான் அதிபர். விழாவுக்கு வராமல் காலையிலேயே புளோரிடாவுக்குப் புறப்பட்டுப் போயிருந்தாலும், தோல்வியை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதிருந்தாலும், நண்பகல் அடித்ததும் அவர் முன்னாள் அதிபர் ஆனார்.

உங்கள் ராணுவக் கேள்விக்கும் பதில் இந்தக் கடிகாரத்தில்தான் இருக்கிறது. முன்னாள் அதிபரை வெள்ளை மாளிகையிலிருந்து எப்படி வெளியேற்றுவது என்று தனிச் சட்டம் எழுதப்படவில்லை; எழுத வேண்டிய தேவையும் இல்லை. நண்பகலுக்குப் பிறகு அவர் அந்தக் கட்டடத்தில் அனுமதியின்றி இருக்கும் ஒரு குடிமகன். காவலுக்கு நிற்கும் சீக்ரெட் சர்வீஸ் அதிகாரிகள் அந்த நொடி முதல் புதிய அதிபருக்குக் கட்டுப்பட்டவர்கள். அணு ஆயுத ஆணைக்கான அதிகாரமும் அதே நொடியில் கைமாறும். படையினர் உறுதிமொழி எடுப்பது அரசமைப்பின் மீது, ஒரு மனிதரின் மீதல்ல. 2021 ஜனவரி 12 அன்று முப்படைத் தளபதிகள் அனைவரும் கையெழுத்திட்டுப் படையினருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார்கள்; ஜனவரி 20 அன்று பைடன் பதவியேற்று 46-ஆவது தலைமைத் தளபதி ஆவார் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஆகவே பீரங்கியும் துப்பாக்கியும் சூழ அதிபரை இழுத்துவரும் காட்சியை நீங்கள் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அது தேவைப்படும் கட்டம் வருவதற்கு முன்பே வேறு பல கதவுகள் உடைந்திருக்க வேண்டும்.

அந்தக் கதவுகளைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். தோற்றவரின் கையெழுத்து எங்கும் தேவையில்லை என்றேன். வேறு பலரின் கையெழுத்து தேவை. வாக்குப்பதிவு முடிந்ததும் மாவட்ட அளவில் எண்ணிக்கையைச் சரிபார்த்துச் சான்றளிக்கிறார்கள். பிறகு மாநில அளவில் சான்றளிக்கிறார்கள். அதன் அடிப்படையில் மாநில ஆளுநர், இந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் (மக்கள் வாக்கின் அடிப்படையில் மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு வாக்களிப்பவர்கள்) இன்னார் என்று சான்றிதழ் வெளியிடுகிறார். மொத்தம் 538 தேர்வாளர்கள், பெரும்பான்மைக்கு 270. இவர்கள் டிசம்பர் மாதத்தில் தத்தம் மாநிலத்தில் ஒரே நாளில் கூடி வாக்களித்து, அந்த வாக்குச் சான்றிதழில் ஆறு படிகள் எடுத்துக் கையெழுத்திட்டுப் பல இடங்களுக்கு அனுப்புகிறார்கள். ஜனவரி 6 அன்று நாடாளுமன்றமான காங்கிரசின் இரு அவைகளும் கூடி, துணை அதிபர் தலைமையில் உறைகளைப் பிரித்து எண்ணுகின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் தோற்ற வேட்பாளருக்கு, வேட்பாளர் என்ற முறையில், ஒரு வேலையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கட்சிக்காரராக இருக்கலாம், மிரட்டலுக்கு அஞ்சுபவராகவும் இருக்கலாம். தோல்வியை மறுக்கும் வேட்பாளரின் உண்மையான ஆற்றல் தன் வாயில் இல்லை. இந்த மனிதர்களின் கையைத் தடுத்து நிறுத்த முடிகிறதா என்பதில் இருக்கிறது.

2020 தேர்தலை நான் வகுப்பில் இந்தக் கோணத்தில்தான் எடுப்பேன். தேர்வாளர் வாக்குகளில் பைடன் 306, டிரம்ப் 232. டிரம்ப் தரப்பு தொடுத்த வழக்குகள் 60-க்கும் மேல். ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோல்வி. வழக்குப் போட்டதை நான் குறை சொல்லமாட்டேன். மறு எண்ணிக்கை கேட்பதும் நீதிமன்றத்துக்குப் போவதும் எந்த வேட்பாளருக்கும் உரிமை. 2000-இல் அல் கோர் செய்ததும் அதுதான். நீதிமன்றங்கள் முடித்துவைத்த பிறகு நடந்தவைதான் வேறு ரகம். ஜார்ஜியாவில் வாக்குகள் மும்முறை எண்ணப்பட்டன, அதில் ஒருமுறை சுமார் 50 லட்சம் வாக்குச்சீட்டுகளும் கையால். இறுதி வித்தியாசம் 11,779. 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப், மாநிலத் தேர்தல் பொறுப்பாளரான பிராட் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்துச் சுமார் ஒரு மணி நேரம் பேசினார். தனக்கு 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். வித்தியாசத்தைவிட ஒன்று கூடுதல். ராஃபென்ஸ்பெர்கர் டிரம்பின் கட்சியான குடியரசுக் கட்சிக்காரர், அந்தத் தேர்தலில் டிரம்புக்கே வாக்களித்தவர். அவர் மறுத்தார். இந்த உரையாடலின் ஒலிப்பதிவு பொதுவெளியில் இருக்கிறது. கேட்கும்போது, ஒரு நாட்டின் தேர்தல் முடிவு ஒரே ஒரு மனிதரின் குரல் தடுமாறாமல் இருப்பதைச் சார்ந்து நின்ற கணம் அது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கும்.

மிச்சிகனில் நடந்தது இதைவிடச் சிறியது, அதனாலேயே அதிகம் பேசப்படாதது. அந்த மாநிலத்தில் பைடன் சுமார் 1,54,000 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றிருந்தார். மாநில அளவில் சான்றளிக்கும் குழுவில் நான்கு உறுப்பினர்கள், கட்சிக்கு இருவர். இருவர் ஆதரித்து இருவர் மறுத்தால் சான்றளிப்பு நின்றுவிடும். நவம்பர் 23 அன்று குழு கூடியபோது குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். மற்றவர், எண்ணிக்கையைச் சரிபார்ப்பதைத் தவிரச் சட்டம் தனக்கு வேறு அதிகாரம் எதையும் தரவில்லை என்ற நிலைப்பாட்டில் நின்று, எதிர்க்கட்சி உறுப்பினர்களோடு சேர்ந்து ஆதரித்து வாக்களித்தார். மூன்றுக்குப் பூஜ்யம் என்று சான்றளிப்பு முடிந்தது. அவர் மறுத்திருந்தாலும் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கும் என்பதே என் கணிப்பு. ஆனால் அதற்குள் எத்தனை நாள்கள் போயிருக்கும், மற்ற மாநிலங்களில் யார் யாருக்குத் துணிச்சல் வந்திருக்கும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

2021 ஜனவரி 6 அன்று, வாக்குகளை எண்ணும் வேளையில் டிரம்ப் ஆதரவாளர்கள் காங்கிரஸ் கட்டடத்துக்குள் புகுந்ததை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். என் கண்ணில் நின்றது அந்த மரப்பெட்டிகள். ஐம்பது மாநிலங்களிலிருந்தும் தலைநகரிலிருந்தும் வந்த சான்றிதழ்களைத் தோல் பட்டை கட்டிய மரப்பெட்டிகளில் வைத்து அவைக்குள் சுமந்து வருவது பழைய மரபு. கும்பல் கட்டடத்துக்குள் புகுந்து அவை உறுப்பினர்கள் ஓட வேண்டிவந்தபோது, செனட் ஊழியர்கள் அந்தப் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவை எரிந்து போயிருந்தாலும் தேர்தல் செல்லாததாகியிருக்காது; ஆறு படிகள் எடுப்பதே அதற்காகத்தான். ஆனால் அன்றிரவே அதே இடத்தில் அதே காகிதங்களை எண்ணி முடிக்க முடிந்திருக்காது. அரிசோனா, பென்சில்வேனியா மாநிலங்களின் வாக்குகளுக்கு எழுப்பப்பட்ட ஆட்சேபங்கள் விவாதித்து நிராகரிக்கப்பட்டன. மறுநாள் அதிகாலை சுமார் மூன்றே முக்கால் மணிக்குத் துணை அதிபர் மைக் பென்ஸ், தான் போட்டியிட்ட அணியின் தோல்வியைத் தானே அறிவித்தார். சான்றிதழ்களை ஒதுக்கித்தள்ளும் அதிகாரம் துணை அதிபருக்கு உண்டு என்ற வாதத்தை அவர் அன்று பகலிலேயே எழுத்து மூலமாக மறுத்துவிட்டிருந்தார்.

இதற்கு மிகப் பழைய முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1860 தேர்தலில் தேர்வாளர் வாக்குகளில் லிங்கனுக்கு அடுத்த இடத்தில் வந்தவர் ஜான் பிரெக்கின்ரிட்ஜ். அப்போது துணை அதிபரும் அவரே. 1861 பிப்ரவரியில் தென் மாநிலங்கள் பிரிந்து போய்க்கொண்டிருந்தன, எண்ணிக்கையைத் தடுக்கக் கலவரம் வரலாம் என்ற அச்சத்தில் கட்டடத்தைச் சுற்றிப் படையினர் நிறுத்தப்பட்டிருந்தார்கள். பிரெக்கின்ரிட்ஜ் உறைகளைப் பிரித்து, எண்ணி, லிங்கன் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அறிவித்தார். அதே ஆண்டிலேயே அவர் லிங்கனுக்கு எதிரான தென்படையில் சேர்ந்து தளபதியானார். பிரிந்துபோன தென் மாநிலங்களுக்காகப் போர்க்களத்துக்குப் போகத் துணிந்தவர்கூட, எண்ணும் மேசையில் எண்ணைத் திருத்தவில்லை.

முறையே முறிந்துபோன ஆண்டும் உண்டு, அது 1876. புளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மூன்று மாநிலங்களிலிருந்தும் ஒன்றுக்கொன்று முரண்பட்ட சான்றிதழ்கள் வந்தன. ஓரிகனில் ஒரு தேர்வாளரைப் பற்றியும் தகராறு. மொத்தம் 20 வாக்குகள் அந்தரத்தில். இரட்டைச் சான்றிதழ் வந்தால் என்ன செய்வது என்று அரசமைப்பு சொல்லவில்லை. காங்கிரஸ் 15 பேர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தது. அது ஒவ்வொரு தகராறிலும் எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் ரதர்ஃபோர்ட் ஹேய்சுக்கே வாக்குகளைக் கொடுத்தது. மக்கள் வாக்கில் முன்னிலை பெற்றிருந்த சாமுவேல் டில்டன் 184, ஹேய்ஸ் 185. முடிவு வந்தது 1877 மார்ச் 2 அன்று. பதவிக்காலம் தொடங்க இரண்டே நாள் இருந்தது. டில்டன் தன் ஆதரவாளர்களைத் தெருவுக்கு இறக்கவில்லை, உள்நாட்டுப் போர் மறுபடி மூளவில்லை என்று நாம் பெருமூச்சு விடலாம். ஆனால் அந்த முடிவு ஏற்கப்படுவதற்காக இரு தரப்பும் செய்துகொண்ட சமரசத்தையொட்டித் தெற்கிலிருந்த கூட்டாட்சிப் படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த கறுப்பின மக்கள் பல பத்தாண்டுகளுக்கு வாக்குரிமை இழந்து அந்த விலையைக் கொடுத்தார்கள். அந்த அமைதிக்கான விலையைக் கொடுத்தவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தவர்களல்லர் என்பதை நான் ஒருபோதும் சொல்லாமல் விடுவதில்லை. 1887-இல் இயற்றப்பட்ட தேர்தல் எண்ணிக்கைச் சட்டம் இந்த அனுபவத்தின் பிள்ளை. அதன் மொழி குழப்பமானது. 2020-இல் ஓட்டை தேடியவர்கள் தேடியதும் அந்தக் குழப்பத்தில்தான்.

சட்டத்தில் எடையில்லை என்றால், ஒப்புக்கொள்ள மறுப்பதால் கேடே இல்லையா என்று கேட்பீர்கள். இரண்டு இடங்களில் அது கடிக்கும். முதலாவது ஆட்சி மாற்றத்துக்கான ஆயத்தம். தேர்தலுக்கும் பதவியேற்புக்கும் இடையில் உள்ள சுமார் 11 வாரங்களில் புதிய அணி அலுவலகம், நிதி, ரகசியத் தகவல்கள் எல்லாம் பெற்று, ஆயிரக்கணக்கான நியமனங்களுக்கு ஆயத்தமாக வேண்டும். அரசின் பொதுச் சேவைகள் நிர்வாகம், வென்றவர் இன்னார் என்று தெரிகிறது எனக் கடிதம் கொடுத்தால்தான் அந்தக் கதவு திறக்கும். 2020-இல் ஊடகங்கள் நவம்பர் 7 அன்றே முடிவைக் கணித்துவிட்டன. கடிதம் வந்தது நவம்பர் 23 அன்று. பெருந்தொற்றில் நாள்தோறும் மக்கள் மாண்டுகொண்டிருந்த காலத்தில் 16 நாள்கள் வீணாகின. 2000-இல் 36 நாள் நீண்ட தகராறு ஆயத்தக் காலத்தைப் பாதியாகக் குறைத்ததை, செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையம் தன் அறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறது. அதனால்தான் 2022 டிசம்பரில் இயற்றிய சட்டம் இந்த இடத்தில் ஒரு மாற்றம் செய்தது: தேர்தல் முடிந்து ஐந்து நாள்களுக்குள் ஒருவருக்கு மேற்பட்ட வேட்பாளர்கள் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் இருந்தால், முடிவு தெளிவாகும்வரை இருவருக்குமே ஆயத்த உதவிகள் கொடுக்கப்படும். வெறும் மரபாக இருந்த ஒன்று இப்படிச் சட்டத்தின் ஓர் ஓரத்தில் இடம்பெற்றுவிட்டது. அதுவும் மறுப்பவருக்குப் பதவியைக் கொடுப்பதற்காக அல்ல, அவருடைய மறுப்பு மற்றவரை முடக்காமல் இருப்பதற்காக.

கடிக்கும் இரண்டாவது இடம் ஆதரவாளர்களின் மனம். அதைச் சட்டத்தால் அளக்க முடியாது, ஆனால் கடந்த பல ஆண்டுகளில் என் பாடத்தை மாற்றி எழுதவைத்தது இதுதான். தன் தலைவர் தோற்றதை நம்பாதவருக்கு, புதிய அதிபரின் ஒவ்வோர் ஆணையும் அத்துமீறலாகவே தெரியும். தலைவர் ஒருவர் மேடையேறி, "எண்ணிப் பார்த்தாயிற்று, நாம் தோற்றோம், வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லும் வேலையை எந்த நீதிமன்றத்தாலும் அவருக்குப் பதிலாகச் செய்துவிட முடியாது.

அமெரிக்காவுக்கு வெளியிலும் நான் பார்த்தவரை கையெழுத்தின் தர்க்கமே வேலை செய்கிறது. காம்பியாவில் 22 ஆண்டுகள் ஆண்ட யஹ்யா ஜாமே 2016 டிசம்பரில் தோற்றார், வென்ற அடாமா பாரோவை அழைத்து வாழ்த்தவும் செய்தார், ஒரு வாரம் கழித்து முடிவை ஏற்கமாட்டேன் என்று திரும்பிவிட்டார். பாரோ 2017 ஜனவரி 19 அன்று அண்டை நாடான செனகலின் தலைநகரில், காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுப்படை எல்லையைத் தாண்டியது. காம்பியப் படைத்தலைவரே போரிடப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். ஜாமே இரண்டு நாளில் நாட்டைவிட்டுப் போனார். ஐவரி கோஸ்டில் 2010-இல் இதற்கு நேர்மாறு. தேர்தல் ஆணையம் அலசான் வட்டாரா வென்றதாக அறிவித்தது. அரசமைப்புக் குழு வடபகுதி வாக்குகளை ரத்து செய்து லொரான் பாக்போ வென்றதாக அறிவித்தது. இருவரும் ஒரே நாளில் அதிபராக உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். 2011 ஏப்ரலில் பாக்போ கைதாவதற்குள் சுமார் 3,000 உயிர்கள் போயின. இரண்டு நாட்டிலும் தோற்றவர் மறுத்தார். ஒன்றில் முடிவைச் சொல்லும் அமைப்புகள் ஒரே குரலில் பேசின, மற்றதில் இரண்டு குரல்களில் பேசின. பிரேசிலில் 2022 அக்டோபர் 30 அன்று ஜெயிர் போல்சனாரோ 49.1 சதவீதம் பெற்று லூலாவிடம் தோற்று, இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. கடைசிவரை தோல்வியை ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆனால் அன்றிரவே தேர்தல் நீதிமன்றம் முடிவை அறிவித்தது, போல்சனாரோவின் கூட்டாளியான நாடாளுமன்ற அவைத்தலைவரே அதை ஏற்றார். ஜனவரி 8 அன்று பிரசீலியாவில் கும்பல் அரசுக் கட்டடங்களைச் சூறையாடியபோது லூலா பதவியேற்று ஒரு வாரம் ஆகியிருந்தது.

இதுவரை சொன்னவை நடந்து முடிந்தவை அல்லது சட்டத்தில் தெளிவாக உள்ளவை. இனிச் சொல்பவை கருத்து வேறுபாடு உள்ள இடங்கள். 2022 சட்டம் துணை அதிபரின் பங்கு வெறும் சடங்கு சார்ந்தது என்று அறுதியிட்டது. முன்பு ஓர் அவைக்கு ஓர் உறுப்பினர் கையெழுத்திட்டாலே ஆட்சேபம் எழுப்பலாம் என்றிருந்ததை மாற்றி, ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும் என்றாக்கியது. ஆளுநரின் சான்றிதழ் பற்றிய வழக்குகளை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு விரைந்து தீர்க்க வழி செய்தது. நல்ல சட்டம் என்பது என் கருத்து. ஆனால் அது இன்னும் உண்மையான நெருக்கடியில் சோதிக்கப்படவில்லை. 2024-இல் கமலா ஹாரிஸ் மறுநாளே தோல்வியை ஒப்புக்கொண்டார், 2025 ஜனவரி 6 அன்று தன் தோல்வியைத் தானே படித்து அறிவித்தார், எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. ஒரு காங்கிரஸ் இயற்றிய எண்ணிக்கை விதி, அடுத்து வரும் காங்கிரசைக் கட்டுப்படுத்துமா என்ற பழைய விவாதம் தீரவில்லை. நீதிமன்றம் அதில் தலையிடுமா என்பதிலும் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. அதேபோல், தோல்வியை மாற்ற முயன்ற அதிபர் குற்றவியல் பொறுப்புக்கு ஆளாவாரா என்ற கேள்வியும் பாதியில் நிற்கிறது. 2023 ஆகஸ்டில் டிரம்ப் மீது கூட்டாட்சி வழக்கு பதிவானது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதிபரின் அலுவல் சார்ந்த செயல்களுக்குப் பெருமளவு விலக்கு அளித்தது. அவர் மறுபடி வென்றதும் வழக்கு விசாரணைக்கே வராமல் கைவிடப்பட்டது. நடுவர் குழு எதையும் கேட்கவில்லை, ஆகவே தீர்ப்பும் இல்லை.

இழுத்தடித்தே பதவியில் நீடிக்க முடியுமா என்ற ஐயம் உங்களுக்கு மிச்சமிருக்கலாம். முடியாது, இதில் எனக்குத் தயக்கமில்லை. யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்று ஆனால் பிரதிநிதிகள் சபை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற முறையில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும். 26 மாநிலங்கள் வேண்டும். 2020-இல் சிலர் குறிவைத்தது இந்த வழியைத்தான், அது மட்டுமே கணக்கில் கொஞ்சம் இடம் தரும் வழி. அதுவும் முடியாமல் ஜனவரி 20 நண்பகல் வந்துவிட்டால், தேர்வான துணை அதிபர் பொறுப்பேற்பார். அவரும் இல்லையென்றால் 1947 வாரிசுரிமைச் சட்டப்படி சபாநாயகர் தன் பதவியை விட்டுவிட்டு அதிபர் பொறுப்பை ஏற்பார். காலத்தைக் கடத்துவதால் பழைய அதிபருக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது.

அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7. அன்றிரவு தோற்றவர் மேடையில் என்ன பேசுகிறார் என்பதைப் பாருங்கள். ஆனால் அடுத்த நான்கு வாரங்களுக்கு உங்கள் கவனத்தை மாவட்டச் சான்றளிப்புக் கூட்டங்களுக்குத் திருப்புங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்வேன். ஆளுநர்களின் சான்றிதழ்கள் டிசம்பர் 13-க்குள் வந்தாக வேண்டும், தேர்வாளர்கள் கூடுவது டிசம்பர் 19. ஏற்கெனவே 2022 ஜூனில் நியூ மெக்சிகோவின் ஒட்டேரோ மாவட்டத்தில் உள்கட்சித் தேர்தல் முடிவுக்குச் சான்றளிக்க மறுத்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே கையெழுத்து விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் அரிசோனாவின் கோச்சீஸ் மாவட்டத்தில் மூன்று பேர் கொண்ட குழுவில் இருவர், கெடு முடிந்தும் சான்றளிக்கவில்லை. டிசம்பர் 1 அன்று நீதிபதி, அன்றைய தினமே கூடிச் சான்றளிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். குழு அன்று பிற்பகல் கூடியது. ஓர் உறுப்பினர் வரவில்லை. வந்த இருவரும் ஆதரித்து வாக்களித்தார்கள். மறுத்த இருவர் மீதும் அடுத்த ஆண்டு குற்றவழக்கு பதிவானது.